என்8என்: வழி பிரிப்பதில் கெட்டி, காவலுக்குத் துணை வேண்டும்

கணக்குப் பிரிவுக்கு வரும் பில்களை யாருடைய ஒப்புதலுக்கு அனுப்புவது என்ற வேலை எங்கள் அலுவலகத்தில் என்8என் (n8n) வசம் இருக்கிறது. பல மென்பொருள்களை இணைத்து வேலைகளைத் தானாக ஓட்டும் கருவி அது. நான் புரோகிராமர் இல்லை, பில்லுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள். விமர்சனமும் அந்த நாற்காலியிலிருந்துதான்.

இதில் ஒவ்வொரு படியும் ஒரு நோட், நோட்களைக் கோத்துக் கட்டும் வேலைத்தொடர்தான் ஒர்க்ஃப்ளோ. வழி பிரிக்க ஸ்விட்ச் நோட் பிரமாதம். தொகை, துறை, சப்ளையர் என்று விதிகளை எழுதினால் ஒவ்வொன்றுக்கும் தனி வாசல் கிடைக்கும். மேலாளருக்கு விளக்கத் தனியாகப் படம் வரைய வேண்டாம், திரையைக் காட்டினாலே போதும். ஆனால் எந்த விதிக்கும் பொருந்தாத பில் வந்தால்? நாமாக எதையும் மாற்றாதவரை, ஸ்விட்ச் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எர்ரர் வராது. ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிந்து வைக்கும் எக்ஸிக்யூஷன் பட்டியலில் அந்த ஓட்டம் பச்சையாக, ‘வெற்றி’ என்றே நிற்கும். எதற்கும் பொருந்தாதவை போவதற்கான ஃபால்பேக் அவுட்புட்டைத் திறந்து, மிச்சமெல்லாம் ஒரு மனிதரின் மெயிலுக்குப் போகும்படி வைத்தே ஆக வேண்டும். புதிதாக ஒர்க்ஃப்ளோ கட்டுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அந்தப் பட்டியலை மட்டம் தட்டவில்லை. எந்த நோடில் என்ன டேட்டா நுழைந்தது, என்ன வெளியே வந்தது என்று பார்க்கலாம். தோற்ற ஓட்டத்தை, திருத்திய ஒர்க்ஃப்ளோவை வைத்தே மறுபடி ஓட்டலாம். எர்ரர் ட்ரிகர் வைத்த தனி ஒர்க்ஃப்ளோ ஒன்றைக் கட்டி, மற்றவற்றின் செட்டிங்ஸில் இணைத்துவிட்டால், எங்கே உடைந்தது என்று செய்தி வந்துவிடும். கையால் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் இது வேலை செய்யாது. தானாக ஓடும் ஓட்டம் உடைந்தால்தான் விழிக்கும். சோதிக்கும்போது இது தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

தொடங்காத ஓட்டத்துக்கு எர்ரரே கிடையாது. பில் அனுப்பும் மென்பொருள், ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் இணைய முகவரியான வெப்ஹூக்கைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டால் இங்கே எல்லாம் அமைதியாக, அழகாகத் தெரியும். அதனால் தினமும் மாலையில் ஓடும் இன்னொரு ஒர்க்ஃப்ளோ, கணக்கு மென்பொருளில் பதிவான பில்களையும் ஒப்புதலுக்குப் போனவற்றையும் எண்ணிப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எனக்குச் செய்தி வரும்.

சொந்த சர்வரில் நிறுவினால் இன்னொன்றையும் கவனியுங்கள். மாற்றாமல் விட்டால், முடிந்த ஓட்டங்களின் விவரம் 336 மணி நேரம், அதாவது 14 நாள் கடந்ததும் அழிக்கப்படும். ஆடிட்டர் அதற்குள் வந்து கேட்பாரா என்ன? யார் எப்போது ஒப்புதல் தந்தார் என்பதைத் தனி டேபிளில் எழுதி வைத்துவிடுங்கள்.

நிறுவனத்தின் உள்வேலைக்குச் சொந்தமாக நிறுவிக்கொள்ள லைசென்ஸ் கட்டணம் இல்லை. சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் கிளவுட் சந்தாவுக்கே போகலாம்.