மூட்டை ட்ராலி வாங்கி ஆறு மாதம் ஆகிறது

தக்கலைப் பக்கம் அரிசி, மாட்டுத்தீவனம் விற்கும் சின்னக் கடை எங்களுடையது. போன ஓணம் சமயம் லோடு வந்த அன்று, அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு மூட்டை இறக்கும் அண்ணன் 50 கிலோ தீவன மூட்டையைக் குனிந்து தூக்கி, கால் நகராமல் இடுப்பை மட்டும் திருப்பினார். அப்படியே குறுக்கு பிடித்துக்கொண்டது. 3 வாரம் வேலைக்கு வர முடியவில்லை. "எடை ஒண்ணுமில்ல மக்களே, திரும்புனதுதான் தப்பு" என்றார். எனக்கு மனசே ஆறவில்லை. அதற்கப்புறம்தான் கோட்டாற்றில் ஒரு இரும்புக்கடையில் 3,800 ரூபாய்க்கு இந்த இரண்டு சக்கர ட்ராலியை வாங்கினேன்.

நல்ல சாமான். மூட்டையை லேசாகச் சாய்த்து ட்ராலியின் அடித் தகட்டை அதன் கீழே நுழைத்து, கைப்பிடியை நம் பக்கம் சாய்த்தால் பாரம் முழுக்க அச்சின் மேல் உட்கார்ந்துவிடும், கையில் தெரிவது கொஞ்சம்தான். அதனால் கனமான மூட்டை எப்போதும் அடியில், தகட்டை ஒட்டி. 2 தீவன மூட்டைக்கு மேல் நாங்கள் வைப்பதில்லை, முன்னால் வழி தெரிய வேண்டுமே.

குறை என்றால் டயர். பத்தாம் நாளே வலது டியூப் போய்விட்டது, விற்றவர் டயருக்கு கேரண்டி கிடையாது என்று கைவிரித்துவிட்டார். இருந்தாலும் எங்கள் ஜல்லி முற்றத்துக்குக் காற்று டயர்தான் சரி. அப்புறம் கைப்பிடி வெறும் பைப், மழையில் வழுக்குகிறது, பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவிட்டோம். குடோன் படிக்கு ஒரு பலகைச் சரிவு போட்டோம். அதில் ஏற்றமோ இறக்கமோ, ஆள் மேல்பக்கம், மூட்டை கீழ்ப்பக்கம் என்று இருக்க வேண்டும், கை நழுவினாலும் ஆள் மேல் சரியாது.

ஆனால் ட்ராலி தூக்கித் தராது, தள்ளத்தான் உதவும். தரையிலிருந்து எடுக்கும் அந்த முதல் குனிதல் அப்படியேதான் இருக்கிறது. எல்லாம் வசதியாக அமைந்தால்கூட ஒருவர் தூக்க அதிகபட்சம் 23 கிலோ என்பதுதான் அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு. நம் கடைகளிலோ 2022-இல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்ததும் அதிலிருந்து தப்ப 26 கிலோ பை வந்துவிட்டது, அதையே சின்னப் பை என்கிறோம்! அதனால் குடோனில் இடுப்பு உயரத்துக்குப் பலகைத் தட்டு அடித்து அரிசிப் பையை அதில் அடுக்குகிறோம். 50 கிலோ என்றால் இரண்டு பேர், இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

முதல் வாரம் அண்ணன்மார் யாரும் ட்ராலியைத் தொடவில்லை. அவர்களுக்கு மூட்டைக் கணக்கில் கூலி, ட்ராலியைக் காட்டி அதைக் குறைத்துவிடுவேனோ என்ற பயம். நியாயமான பயம்தான். ஒரு பைசா குறையாது என்று சொல்லி, அந்தச் சனிக்கிழமை பழைய கூலியையே எண்ணிக் கொடுத்த பிறகுதான் கை வைத்தார்கள். நீங்கள் வாங்குவதாக இருந்தால் இந்தப் பேச்சை முதலிலேயே பேசிவிடுங்கள். கடையில் அடித்தகட்டின் வெல்டிங்கைத் திருப்பிப் பாருங்கள், முடிந்தால் மூட்டை தூக்குகிறவரையே கூட்டிப்போய் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள், கைப்பிடி உயரம் அவருக்குத்தான் ஒத்துவர வேண்டும்.