மெய்யியல் எம்.ஏ.: பாடப் புத்தகமா, ஸ்டான்ஃபோர்ட் கலைக்களஞ்சியமா?

காரைக்குடிப் பக்கம் எனக்குத் தெரிந்து மெய்யியலில், அதாவது தத்துவத்தில், எம்.ஏ. முடித்தவர்கள் எல்லாருமே அஞ்சல் வழியில் படித்தவர்கள்தான். நானும் அப்படித்தான் முடித்தேன். இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் பள்ளத்தூர்ப் பையன் ஒருவனும் தேவகோட்டைப் பெண் ஒருவரும் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “அண்ணே, வீட்டுக்கு வர்ற புத்தகத்தை மட்டும் படிச்சாப் போதுமா, இல்ல நெட்டுல இருக்கிற ஸ்டான்ஃபோர்ட் கலைக்களஞ்சியத்தையும் படிக்கணுமா?” வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவருக்கு இரண்டையும் முழுசாகப் படிக்க நேரம் இருக்காது. ஒன்றைத்தான் முதன்மையாக வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் கலைக்களஞ்சியத்தைத்தான் சொல்வேன்.

பாடப் புத்தகத்துக்கு உரியதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேர்வுக் கேள்விகள் அதன் தலைப்புகளை ஒட்டியே வரும். ஆங்கிலம் எளிமையாக இருக்கும். அசைன்மென்ட் எழுத வேறு எங்கும் அலைய வேண்டாம். இக்னோ என்கிற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேராதவர்கூட அதன் பாடங்களை ஈ-ஞானகோஷ் தளத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் (NET) தேர்வு மட்டுமே குறி என்றால் இந்தப் பாடங்களும் பழைய வினாத்தாள்களும் போதும். இரண்டாம் தாளின் 100 கேள்விகளும் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைதான். யார், எந்த நூல், என்ன கொள்கை என்று பொருத்தத் தெரிந்தவருக்கே அங்கே மதிப்பெண்.

ஸ்டான்ஃபோர்ட் மெய்யியல் கலைக்களஞ்சியம் 1995-ல் இணையத்திலேயே தொடங்கியது. கட்டணம் கிடையாது. அந்தந்தத் துறையில் ஆய்வு செய்கிறவர்கள் எழுதுகிறார்கள், வேறு வல்லுநர்கள் சரிபார்த்த பிறகே கட்டுரை வெளியாகிறது. இந்தத் தரம் நல்ல அச்சு நூல்களிலும் கிடைக்கும். என்னை இதன் பக்கம் சாய்த்தது பராமரிப்பு.

எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் தலைப்புக்குக் கீழே முதலில் வெளியான தேதி இருக்கும். திருத்திய கட்டுரை என்றால் கடைசியாகக் கணிசமாகத் திருத்திய தேதியும் சேர்ந்திருக்கும். எழுதியவரே அதைத் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அறிவு என்றால் என்ன என்பதைப் பகுத்து ஆராயும் கட்டுரை 2001-ல் வந்தது, 2017-ல் திருத்தி எழுதப்பட்டது. இடையில் வந்த வாதங்களும் அவற்றுக்கான மறுப்புகளும் அதில் இடம்பெற்றுவிட்டன. அதற்காகப் பழைய வடிவம் காணாமல் போவதும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுத் தொகுப்பையும் அப்படியே காப்பகத்தில் வைத்துவிடுகிறார்கள். ஆய்வேட்டில் அந்தக் காப்பகப் பதிப்பைக் குறிப்பிட்டால், கட்டுரை பின்னால் எத்தனை முறை மாறினாலும் உங்கள் மேற்கோள் பிசகாது.

வருஷத்துக்கு ஒருமுறையாவது ஆள் வந்து திறந்து, உடைந்த ஓடுகளை மாற்றி, வெள்ளையடிக்கிற வீடு எப்படி இருக்கும், பூட்டியே கிடக்கிற வீடு என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரையும் அப்படித்தான். பல்கலைக்கழகத்தில் நேராகப் போய்ப் படிக்கிற மாணவர் ஒரு வாதத்தோடு போய் நின்றால், “இதற்கு எப்போதோ பதில் வந்துவிட்டதே, படித்தாயா?” என்று கேட்க ஒரு பேராசிரியர் இருப்பார். இங்கே தனியாகப் படிக்கிறவருக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. அந்த வேலையை ஓரளவுக்காவது செய்வது, புதுப்பிக்கப்படும் கட்டுரையும் அதன் கடைசியில் வரும் நூற்பட்டியலும்தான். எனக்கு வந்த பாடப் புத்தகங்கள் சிலவற்றில் நூற்பட்டியல் நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு அந்தத் துறையில் யாருமே எழுதவில்லை என்றுதான் அதைப் படிக்கிற பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

கெட்டியர் சிக்கலையே பாருங்கள். ஒரு நம்பிக்கை உண்மையாகவும் இருந்து, அதற்குத் தக்க காரணமும் இருந்தால் அது அறிவாகிவிடுமா? ஆகாது என்று எட்மண்ட் கெட்டியர் 1963-ல் மூன்றே பக்கத்தில் காட்டினார். என் பாடப் புத்தகம் அவருடைய எடுத்துக்காட்டைச் சொல்லி, இரண்டு பத்தி விளக்கம் எழுதி, அடுத்த தலைப்புக்குப் போய்விட்டது. கலைக்களஞ்சியக் கட்டுரையிலோ 8-ஆம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தர்மோத்தரர் வருகிறார். இறைச்சி சுட இப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், புகை இன்னும் கிளம்பவில்லை. வாசத்துக்குப் பூச்சிகள் வந்து மொய்க்கின்றன. தூரத்தில் நிற்பவன் அந்தக் கருங்கூட்டத்தைப் புகை என்று எண்ணி, “அங்கே நெருப்பு எரிகிறது” என்கிறான். அவன் சொன்னது உண்மை, சொல்ல ஒரு காரணமும் வைத்திருக்கிறான். ஆனாலும் அவன் அதை அறிந்திருக்கிறான் என்று சொல்ல முடியுமா?

அதைப் படித்ததும் எனக்கு மணிமேகலையின் 29-ஆம் காதை நினைவுக்கு வந்தது. பௌத்தத் துறவி அறவண அடிகள், அறிவைப் பெறும் வழிகளான அளவைகளை விளக்கும் இடத்தில், புகை இருப்பதால் இந்த மலையில் நெருப்பு உண்டு, அடுக்களையில் காண்பது போல என்ற அதே அனுமானம் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியதுதான் எம்.ஏ.வில் நான் எழுதியவற்றில் எனக்குப் பிடித்த அசைன்மென்ட்.

கலைக்களஞ்சியத்தின் ஆங்கிலம் கடினம், கட்டுரைகளும் நீளம். முதல் வாசிப்பிலேயே முழுதும் படிக்கப் பார்த்தால் சலித்துப் போவீர்கள். முன்னுரைப் பத்தியையும் பொருளடக்கத்தையும் படித்துவிட்டு, உங்கள் பாடத்தோடு ஒட்டுகிற ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நூற்பட்டியலிலிருந்து ஒரே ஒரு கட்டுரையைத் தேடுங்கள். ஆய்விதழ்க் கட்டுரைகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் (JSTOR) தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையிலேயே படிக்கலாம். யூடியூப் விரிவுரைகள் பேருந்தில் கேட்க நல்லது, மேற்கோளுக்கு ஆகாது.

சைவ சித்தாந்தத்துக்கு நான் கலைக்களஞ்சியத்தை நம்பவில்லை. அதன் அடிப்படை நூலான சிவஞானபோதம் 12 சூத்திரம்தான், ஆனால் உரை இல்லாமல் ஒன்றும் நகராது. அதற்குச் சிவஞான முனிவர் எழுதிய விரிவான உரையான மாபாடியத்தைத் தமிழ் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து படிப்பதே வழி. வேதாந்தத்துக்கு நமக்குப் பக்கத்திலேயே கோவிலூர் மடம் இருக்கிறது, கைவல்ய நவநீதம் போன்ற தமிழ் நூல்களைப் பாடம் சொல்லும் மரபு அங்கே உண்டு. நான் அங்கே முறையாக உட்கார்ந்து பாடம் கேட்டதில்லை, கேட்ட நண்பர் சொன்னதை வைத்தே சொல்கிறேன். வரிவரியாக நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்றார் அவர். அது எந்தப் புத்தகத்திலும் இணையத்திலும் கிடைக்காத வசதி. ஆனால் தேர்வுத் தாளில் எழுத அது நேராக எவ்வளவு உதவும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆய்வேட்டுக்குப் பழைய தமிழ்ப் பதிப்புகள் தேவைப்பட்டால் மேலே சொன்ன எதுவும் போதாது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்கள் இப்போது சென்னை தரமணியில், அவர் பெயரிலேயே உள்ள ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. அதன் நூற்பட்டியலை இணையத்தில் பார்த்து, வேண்டியதைக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். பல்லவன் ரயிலில் போனால் எழும்பூரில் இறங்கவே மதியம் ஆகிவிடும், அன்றைக்கு மிஞ்சுவது அரை நாள்தான்.