மாத்திரை விட்டுப்போய் மாதவிடாயும் தள்ளினால்: வீட்டுச் சோதனையா, ரத்தப் பரிசோதனையா?

கருத்தடை மாத்திரை இரண்டு நாள் விட்டுப்போனது, இப்போது மாதவிடாயும் வரவில்லை என்றால் மனம் பதறத்தான் செய்யும். நாட்களை எண்ணிக்கொண்டே இருப்பதைவிடக் கர்ப்பமா என்று சோதித்துப் பார்ப்பது நல்லது. சரி, எதில் சோதிப்பது?

வீட்டுச் சோதனை, ரத்தப் பரிசோதனை இரண்டுமே தேடுவது, கரு தங்கினால் உடலில் சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஒரே ஹார்மோனைத்தான். வீட்டில் செய்யும் சிறுநீர்ச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும், யாரிடமும் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் அவசரப்பட்டுச் செய்தால், கரு தங்கியிருந்தும் 'இல்லை' என்று காட்டலாம். மாத்திரை எடுப்பவர்களுக்குத் தேதியை வைத்துக் கணக்கிடுவதும் கஷ்டம், ஏனென்றால் கர்ப்பம் இல்லாமலே மாத்திரையால் ரத்தப்போக்கு வராமல் போகலாம். அதனால் கடைசியாகப் பாதுகாப்பின்றி உறவுகொண்ட நாளிலிருந்து 21 நாள் கழித்துச் செய்தால் முடிவை நம்பலாம். காலையின் முதல் சிறுநீர் என்றால் இன்னும் நல்லது.

ரத்தப் பரிசோதனை சில நாள் முன்னதாகவே கண்டுபிடிக்கும், ஹார்மோனின் அளவையும் சொல்லும். 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தால் அது ஏறுகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். ஆனால் ஊசி, ஆய்வகம், காத்திருப்பு எல்லாம் உண்டு.

பெரும்பாலானவர்களுக்கு முதலில் வீட்டுச் சோதனையே போதும் என்பேன். 'இல்லை' என்று வந்தும் மாதவிடாய் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்புறமும் குழப்பம் என்றால் ரத்தப் பரிசோதனை. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியோ மயக்கமோ வந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கருப்பைக்கு வெளியே கரு தங்கியிருக்கலாம்.