லைட்ஹவுஸ் அக்ஸசிபிலிட்டி ஸ்கோர்: பல வருஷம் பழகிய பிறகு

சின்னதாக ஒரு வெப் டிசைன் கம்பெனி நடத்தும் நண்பர் கேட்டார்: "புதுசா சேர்ற பசங்க லைட்ஹவுஸ்ல 95 வாங்கினாத்தான் டெலிவரின்னு ரூல் போட்டுடலாமா?" வேண்டாம் என்று அனுப்பினேன். ஏன் என்றார். போனில் தட்டி முடிகிற விஷயமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

லைட்ஹவுஸ் என்பது, குரோம் பிரவுசரின் டெவ்டூல்ஸுக்குள்ளேயே (வலைப்பக்கம் செய்பவர்களுக்கான பகுதி) இருக்கும், ஒரு பக்கத்தைச் சோதித்து நூற்றுக்கு மார்க் போடும் கருவி. எப்படி ஓட்டுவது என்று விளக்கப் போவதில்லை. வேகம், எஸ்இஓ (தேடலில் பக்கம் கிடைப்பது) பக்கமும் போகவில்லை. ஜூனியர் டிசைனர்களின் வேலையைப் பார்த்துக் குறை சொல்வது என் பிழைப்பில் ஒரு பங்கு. அதற்கு இதன் அக்ஸசிபிலிட்டி பகுதி, அதாவது பார்வைக் குறை போன்றவை உள்ளவர்களாலும் பக்கத்தைப் பயன்படுத்த முடியுமா என்று பார்க்கும் பகுதி, எவ்வளவு உதவுகிறது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

உதவுகிறது, அதுவும் நான் எதிர்பார்க்காத விதத்தில். "எழுத்து ரொம்ப மங்கலா இருக்கே" என்று நான் சொன்னால் "மினிமல் லுக் சார்" என்று பதில் வரும். அதற்கு மேல் பேசினால் என் ரசனைக்கும் அவர்கள் ரசனைக்கும் சண்டை. அதையே கருவி சொன்னால் சண்டை இல்லை. டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச அக்ஸசிபிலிட்டி விதிப்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) வேண்டும். வெள்ளைப் பின்னணியில் #777777 சாம்பல் 4.48 வந்து ஃபெயில் ஆகும், #767676 சாம்பல் 4.54 வந்து பாஸ் ஆகும். கண்ணுக்கு இரண்டும் ஒரே சாம்பல்தான். இதைக் காட்டியதும் முதலில் "அநியாயம் சார்" என்பார்கள், அப்புறம் அந்த 4.5 எங்கிருந்து வந்தது என்று அவர்களே தேடிப் படிப்பார்கள். கோபம் கருவி மேல் போய்விடுகிறது. நானும் அவர்களும் ஒரே பக்கம் உட்கார்ந்து வேலையைப் பார்க்க முடிகிறது. புதியவர்களிடம் குறை சொல்வதில் பாதிச் சிரமம் இதுதான், அதை இந்தக் கருவி இலவசமாகத் தீர்த்து வைக்கிறது.

எரிச்சல், ஸ்கோரைக் காட்டும் அந்தப் பச்சை வட்டத்தில் இருக்கிறது.

போன மாதம் ஒரு பெண் பயிற்சிக்காகப் பேருந்து முன்பதிவுப் பக்கம் ஒன்றைச் செய்து வந்தாள். பார்க்க அழகாகவே இருந்தது. ஸ்கோர் 100. ஆனால் 'புறப்படும் ஊர்', 'சேரும் ஊர்' என்பதெல்லாம் கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பாக (பிளேஸ்ஹோல்டர்) மட்டுமே இருந்தன. எழுத ஆரம்பித்ததும் மறைந்துவிடும்; நடுவில் ஒரு போன் வந்து திரும்பினால் எது எந்த ஊருக்கான கட்டம் என்று தெரியாது. 'தேடு' என்பது பட்டனே இல்லை, பட்டன் மாதிரி வண்ணம் பூசிய டிவ், அதாவது வெறும் பெட்டி. டேப் கீயை அழுத்தினால் எங்கே நிற்கிறோம் என்று காட்டும் கோட்டை, அசிங்கமாக இருக்கிறதென்று சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோடு) எடுத்துவிட்டிருந்தாள். முழுப் பக்கமும் தமிழ், எச்டிஎம்எல்லில் பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் மட்டும் ஆங்கிலம் என்று இருந்தது. லாங் இருக்கிறதா, செல்லுபடியாகும் குறியீடா என்று லைட்ஹவுஸ் பார்க்கும். எழுதியிருப்பது அந்த மொழிதானா என்று பார்க்காது. அதை நம்பும் ஸ்கிரீன் ரீடர் (பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்) தமிழ் வரிகளை ஆங்கிலக் குரலிடம் ஒப்படைக்கும்.

இதில் எதற்கும் ஒரு மார்க்கூடக் குறையவில்லை. நான் இரண்டாவது குறையைச் சொல்லும்போதே "சார், நூறு வந்திருக்கே" என்றாள். நூறு வாங்கிய பிள்ளையிடம் எந்த வாத்தியாரால் பேச முடியும்?

விளக்குவதை விட்டுவிட்டேன். "மௌஸை ஓரமா வைம்மா, சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு டிக்கெட் போடு" என்றேன். டேப், டேப், டேப். எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருவழியாக ஊர்களை நிரப்பினாள், 'தேடு' வரவே இல்லை. அப்புறம் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை ஓட்டி, அது பேசுவதை எழுத்தாகக் காட்டும் ஸ்பீச் வியூவரையும் திறந்து வைத்தேன். மற்ற பக்கங்களில் 'பட்டன்' என்று சொல்லும் என்விடிஏ, இவளுடைய 'தேடு'வைக் 'க்ளிக்கபிள்' என்றது. அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. டிவ்வைப் பட்டனாக்கி, கட்டங்களுக்கு லேபிள் வைத்து, கோட்டைத் திரும்பக் கொண்டுவந்து அவளே முடித்தாள். மறுபடி லைட்ஹவுஸ் ஓட்டினோம். அதே 100.

நியாயமாகப் பார்த்தால் கருவி பொய் சொல்லவில்லை. தானியங்கிச் சோதனை ஒரு பகுதியைத்தான் பிடிக்கும், கையாலும் சோதியுங்கள் என்று அதுவே எழுதி வைத்திருக்கிறது. டேப் வரிசை, கைவேலையாகச் செய்த பட்டன்கள் எல்லாம் அந்தக் கைச்சோதனைப் பட்டியலில் உண்டு. ஆனால் பட்டியல் மடித்து வைத்த பகுதிக்குள் இருக்கிறது, அதை விரிக்காவிட்டாலும் ஸ்கோர் மாறாது. மேலே 100 ஜொலிக்கும்போது யார் கீழே போய் விரித்துப் பார்ப்பார்கள்? எல்லாப் பிரிவிலும் 100 வந்தால் திரையில் வாணவேடிக்கை வேறு. 2019-லேயே ஒரு வலை உருவாக்குநர், யாராலும் பயன்படுத்த முடியாத ஒரு பக்கத்தை வேண்டுமென்றே கட்டி, இதே பகுதியில் 100 வாங்கிக் காட்டிவிட்டார். அதற்குப் பிறகும் வட்டம் அப்படியே பச்சையாகத்தான் இருக்கிறது.

மறுபக்கமும் ஒரு அநியாயம் உண்டு. ஒவ்வொரு சோதனையும் பாஸ் அல்லது ஃபெயில், நடுவில் எதுவும் கிடையாது. ஐம்பது படத்தில் நாற்பத்தொன்பதுக்கு அக்கறையாக ஆல்ட் (படத்தில் இருப்பதைச் சொல்லும் வரி) எழுதிய பையனுக்கும், ஒன்றுக்குமே எழுதாதவனுக்கும் அந்தச் சோதனையில் ஒரே பூஜ்யம். எல்லாப் படத்துக்கும் 'படம்' 'படம்' என்று நிரப்பி வைத்தவன் பாஸ். இவர்களில் யார் வேலை கற்றுக்கொண்டிருக்கிறார் என்று 95-க்கு மேல் ரூல் போடும் முதலாளிக்கு எப்படித் தெரியும்?

இப்போது ரிப்போர்ட்டை நான் முழுசாக அனுப்புவதில்லை. ஃபெயில் ஆன வரிகளை மட்டும் வெட்டி, வட்டம் தெரியாமல் அனுப்புகிறேன். அப்படிப் பயன்படுத்தும்போது இதைவிட நல்ல துணை எனக்குக் கிடைத்ததில்லை, ஐந்துக்கு நாலரை கொடுத்திருப்பேன். ஆனால் நேற்று இன்னொரு பையன் அந்த வாணவேடிக்கையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். இரண்டுதான். அன்இன்ஸ்டால் செய்யலாமென்றால் சனியன் குரோமோடு சேர்ந்தே வருகிறது.