ஃபைனல் ஃபேன்டஸி 14: தனி ஆட்டமா, குழு ஆட்டமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நடுநிலையான அலசல் இல்லை. ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் கேமில் எட்டுப் பேர் கொண்ட ஒரு ஸ்டாட்டிக்கில், அதாவது நிரந்தரக் குழுவில், இருந்தேன். வாரா வாரம் ஒரே ஆட்கள், ஒரே நேரம், ஒரே ரெய்டு (பலர் சேர்ந்து பெரிய எதிரிகளை வீழ்த்தும் சவால்). அதிலிருந்து விலகி, இப்போது பெரும்பாலும் தனியாகத்தான் ஆடுகிறேன். திரும்பிப் போகிற எண்ணம் இப்போதைக்கு இல்லை. ஆனாலும் குழு ஆட்டத்தை வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. எது யாருக்கு ஒத்துவரும் என்பதை ஒரே ஒரு விஷயம்தான் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. அதற்கு வருகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். குழுவில் ஆடினால் வேலை சீக்கிரம் முடியும், அரட்டை உண்டு, பெரிய பாஸ்களை, அதாவது முக்கிய எதிரிகளை, பார்க்கலாம். தனியாக ஆடினால் கதையை நிதானமாகப் படிக்கலாம், கட்சீனை (கதைக் காட்சியை) தாண்டச் சொல்லி யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள், யாரோடும் சண்டை வராது. சரி, மேலே போவோம்.

இருபது இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இந்தக் கேள்விக்கே பெரிய அர்த்தம் இல்லை. 1999-இல் வந்த எவர்க்வெஸ்ட் என்ற கேமில் பல இடங்களில் பார்ட்டி, அதாவது குழு, இல்லாமல் நகரவே முடியாது. 2004-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தபோது லெவல் ஏறுவது தனியாகவே நடந்தது. ஆனால் உச்சிக்குப் போனதும் மோல்டன் கோர் ரெய்டுக்கு 40 பேர் வேண்டும். 40 பேரை ஒரே நேரத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார வைப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது.

பிறகு நிலைமை மெல்ல மாறியது. ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் 2019-இல் ஷேடோபிரிங்கர்ஸ் என்ற எக்ஸ்பான்ஷனோடு (கூடுதல் பாகத்தோடு) டிரஸ்ட் என்ற வசதி வந்தது. டஞ்சன் என்ற நான்கு பேர் சண்டைக் களத்துக்கு மூன்று மனிதர்களுக்குப் பதில் கதையில் வரும் பாத்திரங்களையே கூட்டிக்கொண்டு போகலாம். 2022-இல் அது டியூட்டி சப்போர்ட் என்று விரிந்து, பழைய கதை டஞ்சன்களுக்கும் வர ஆரம்பித்தது. வார்கிராஃப்டும் 2024 ஜனவரியில் கணினிப் பாத்திரங்களோடு போகும் ஃபாலோயர் டஞ்சன்களையும், அதே ஆண்டு ஆகஸ்டில் தி வார் வித்தின் எக்ஸ்பான்ஷனோடு டெல்வ்களையும் கொண்டுவந்தது. டெல்வ் என்பது ஒருவர் முதல் ஐந்து பேர் வரை போகக்கூடிய சின்னச் சுரங்கம். தனியாகப் போனாலும் பிரான் பிரான்ஸ்பியர்ட் என்ற குள்ளன் கூடவே வருவான். அதில் வாரப் பரிசாக நல்ல கியரே (ஆயுதம், கவசம்) கிடைக்கிறது. தனியாக ஆடுகிறவன் இரண்டாம்தரம் என்ற பேச்சுக்கு இப்போது பெரிய மதிப்பில்லை.

டியூட்டி சப்போர்ட்டில் ஒரு டஞ்சன் எப்படிப் போகும் என்று கொஞ்சம் பார்ப்போம். ஷேடோபிரிங்கர்ஸ் பக்கம் என்றால் கதைப் பாத்திரங்களில் தான்கிரெட் டேங்க் (அடியைத் தாங்குபவர்), அல்ஃபினோ ஹீலர் (குணப்படுத்துபவர்), யிஷ்டோலா டேமேஜ் (அடிப்பவர்), மிச்ச இடம் உங்களுக்கு. நீங்கள் நகராமல் அவர்கள் அடுத்த எதிரிக் கூட்டத்தைத் தொட மாட்டார்கள். மெதுவாகத்தான் அடிப்பார்கள். மனிதர்களோடு போவதைவிட நேரம் கண்டிப்பாகக் கூடுதல் ஆகும். டேங்க் ஒருவர் இரண்டு மூன்று கூட்டத்தைச் சேர்த்து இழுத்துவந்து மொத்தமாக அடிக்கும் சுகம் இதில் கிடைக்காது. ஆனால் பாஸ் ஏதாவது புதிதாகச் செய்தால், எங்கே நிற்பது என்று தெரியாவிட்டால், கூட வந்தவர்கள் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்த்தால் போதும். பெரும்பாலும் சரியான இடத்தில்தான் நிற்பார்கள். நான் பல பாஸ்களை வீடியோ பார்த்துக் கற்றதைவிட யிஷ்டோலாவின் பின்னால் ஓடிக் கற்றதுதான் அதிகம்.

இப்போது அந்த ஒரே விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டத்தின் நடுவில் உங்களால் எழுந்து போக முடியுமா? எழுந்து போனால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?

கஷ்டம், பரிசு, நட்பு எல்லாம் இதற்குப் பிறகுதான். குழு ஆட்டத்தில் நீங்கள் செலவழிப்பது உங்கள் நேரத்தை மட்டும் இல்லை. டியூட்டி ஃபைண்டரில், அதாவது தெரியாதவர்களைக் குழுவாகச் சேர்த்துவிடும் வசதியில், நான்கு பேர் டஞ்சனுக்குள் நுழைந்து, நடுவில் நீங்கள் வெளியேறினால் முப்பது நிமிடத்துக்கு வேறு எதிலும் சேர முடியாமல் தண்டனை விழும். அது நியாயம்தான். ஏனென்றால் உள்ளே இருக்கும் மூன்று பேர், குறிப்பாக நீங்கள் டேங்கோ ஹீலரோ என்றால், வேறு ஆள் வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வார்கிராஃப்டின் மித்திக் பிளஸ்ஸில், அதாவது நேரக் கெடு வைத்த கடின டஞ்சன்களில், இன்னும் கடுமை. ஐந்து பேர் தங்களில் ஒருவரின் கீஸ்டோன் என்ற சாவியைப் போட்டு, கடிகாரம் ஓட ஆரம்பித்த பிறகு ஒருவர் போய்விட்டால் ஓட்டம் அநேகமாக அதோடு முடிந்தது. யாருடைய கீயோ அது பொதுவாக ஒரு லெவல் இறங்கிவிடும். மின்சாரம் போனது உங்கள் வீட்டில், நஷ்டம் அவருக்கு.

இது நம்மூரில் உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்கு இரட்டிப்பு. ஃபைனல் ஃபேன்டஸி 14-க்கு ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா என்று டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. இந்தியாவில் இல்லை. நான் இருப்பது ஜப்பான் பக்கம், டான்பெரி சர்வரில். தென்கிழக்கு ஆசியாவில் ஆங்கிலத்தில் பேசி ஆடுகிறவர்கள் கூடும் இடம் அது. எங்கள் ஸ்டாட்டிக்கில் சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் ஆட்கள்தான் அதிகம். அவர்களுக்கு ஒன்பது மணி என்பது சாப்பிட்டு முடித்து, குழந்தை தூங்கி, நிம்மதியாக உட்காரும் நேரம். எனக்கு அது மாலை ஆறரை. அலுவலகத்திலிருந்து கிளம்பும் நேரம். சரி, ஐரோப்பா சர்வருக்கு மாறலாம் என்றால், குளிர்காலத்தில் அங்கே இரவு எட்டு மணி இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. மறுநாள் வேலைக்குப் போகிறவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரம், அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த கேமில் பாஸ் தரையில் ஆரஞ்சு நிறத்தில் வட்டம் போடும். அதன் காஸ்ட் பார் (தாக்குதல் தயாராவதைக் காட்டும் பட்டை) முடியும் கணத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான் சர்வர் குறித்துக்கொள்ளும். அடி விழுவது திரையில் தெரிவது அதற்குப் பிறகு. பிங் அதிகம் என்றால், உங்கள் கண்ணுக்கு வெளியே வந்துவிட்ட மாதிரி தெரியும், சர்வர் கணக்கில் உள்ளேயே நின்றிருப்பீர்கள். தனியாக இருந்தால் எரிச்சலோடு அடுத்த முறை கொஞ்சம் முன்னாலேயே ஓடிக்கொள்ளலாம். சாவேஜ் என்ற கடின நிலை ரெய்டில் அந்த ஒரு சாவு எட்டுப் பேரையும் சாய்த்துவிடக்கூடும். பாஸ் வைக்கும் சில மெக்கானிக்குகளில், அதாவது சோதனைகளில், எட்டுப் பேரும் உயிரோடு நின்றாக வேண்டும், இல்லையென்றால் அங்கேயே வைப், மொத்தக் குழுவும் காலி.

ஸ்டாட்டிக்கில் வராமல் போனால் என்ன ஆகும் என்பது வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. மாற்று ஆளைச் சேர்த்துக்கொள்ளலாமே என்பார்கள். சாவேஜில் பரிசுகள் வாரக் கணக்கில் பூட்டப்பட்டவை. செவ்வாய்க்கிழமை நம் நேரப்படி மதியம் ஒன்றரைக்குக் கணக்கு புதிதாகும். அந்த வாரம் ஏற்கெனவே அந்த பாஸை முடித்த ஒருவர் குழுவில் இருந்தால், கடைசியில் கிடைக்கும் பரிசுப் பெட்டிகளின் எண்ணிக்கை குறைந்துவிடும். சண்டையை நன்றாகத் தெரிந்த மாற்று ஆள் என்றால் அவர் அநேகமாக அந்த வாரம் வேறெங்காவது முடித்திருப்பார். முடிக்காதவரைக் கூப்பிட்டால் சண்டை தெரியாது. ஆக ஒருவர் லீவ் போட்டால் மற்ற ஏழு பேருக்கும் ஏதோ ஒரு விதத்தில் இழப்பு. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அமைப்பே அப்படி.

எங்கள் குழுவில் யாரும் என்னைத் திட்டியதில்லை. நல்ல மனிதர்கள். "பரவாயில்லை, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பரவாயில்லைதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். யாராவது வீட்டுக்கு வந்தால் முகம் சுருங்கும். பொழுதுபோக்குக்கு வருகைப் பதிவேடு வந்துவிட்டது. சந்தா கட்டுவது நான், ஷிஃப்டும் நானே பார்க்க வேண்டும்.

தனி ஆட்டம் இதில்தான் ஜெயிக்கிறது. டியூட்டி சப்போர்ட்டில் ஒரு டஞ்சனுக்குத் தொண்ணூறு நிமிட அவகாசம். நடுவில் கதவைத் திறக்கப் போனாலும், கேஸ் அடுப்பை அணைக்கப் போனாலும் அல்ஃபினோ ஒரு வார்த்தை கேட்க மாட்டான். கிளம்ப வேண்டும் என்றால் கிளம்பலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை.

தனியாக ஆடுவது சுலபத்தைத் தேடுகிறவர்களுக்கு என்று ஒரு எண்ணம் உண்டு. அது தவறு என்பதற்கு பேலஸ் ஆஃப் தி டெட் ஒன்று போதும். 200 தளம் கீழே இறங்கும் பாதாளம். ஒற்றை ஆளாக இறங்கி முழுதும் முடித்தால் நெக்ரோமான்சர் என்ற பட்டம். நடுவில் செத்து, உயிர்ப்பிக்கும் பொமாண்டர் என்ற பொருளையும் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கவில்லையென்றால் அதுவரை இறங்கியதெல்லாம் போச்சு. பல ரெய்டு வீரர்களே அதைத் தொடத் தயங்குவார்கள். ஆனால் பாருங்கள், பத்துப் பத்துத் தளமாகத்தான் இறங்க வேண்டும். ஒவ்வொரு பத்துக்கும் ஒரு மணி நேரம் அவகாசம், முடித்ததும் சேவ் ஆகிவிடும். மறுபடி எப்போது இறங்குவது என்பது உங்கள் சௌகரியம். கஷ்டமும் உண்டு, எழுந்து போகும் உரிமையும் உண்டு. நான் இன்னும் கடைசிவரை போகவில்லை, ஆனால் போவேன்.

இன்னொன்று, காத்திருக்கத் தெரிந்தால் குழுவின் பரிசுகள் பலவும் தனி ஆளுக்கு வந்து சேரும். ஒவ்வொரு எக்ஸ்பான்ஷனிலும் லெவல் உச்சி பத்துப் பத்தாக ஏறி, 2024-இல் டான்டிரெயிலோடு 100 ஆனது. ஹெவன்ஸ்வார்ட் என்ற பழைய எக்ஸ்பான்ஷன் காலத்தில் எட்டுப் பேர் மூச்சுப் பிடித்து அடித்த எக்ஸ்ட்ரீம் (கடின நிலை) பாஸ்களை இப்போது லெவல் 100-இல் லெவல், ஆள் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டுத் தனியாக உள்ளே போய் அடித்துப் போடலாம். அங்கே விழும் பறவை வாகனங்கள் ஏழையும் சேர்த்தால் எட்டாவதாக ஃபயர்பேர்டும் உண்டு. அன்று வாங்கியவரின் பெருமை எனக்குக் கிடைக்காது, பறவை கிடைக்கும்.

"தனியாகத்தான் ஆடுவது என்றால் அப்புறம் எதற்கு ஆன்லைன் கேம்? ஆஃப்லைனில் ஆடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. 2006-லேயே பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சியாளர்கள் வார்கிராஃப்டை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பலரும் மற்றவர்களோடு சேர்ந்து ஆடுவதைவிட, மற்றவர்கள் சூழ்ந்திருக்கத் தனியாக ஆடுகிறார்கள் என்பதுதான் அவர்கள் கண்டது. எனக்கு இது அப்படியே பொருந்தும். கேமில் வரும் லிம்சா லொமின்சா நகரின் ஈதரைட் சதுக்கத்தில் எப்போது போனாலும் யாரோ ஒருவர் பார்ட் என்ற இசைக்கலைஞராக நின்று பாட்டு வாசித்துக்கொண்டிருப்பார், சுற்றி நாலு பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். மார்க்கெட் போர்டில், அதாவது ஆட்டக்காரர்களின் சந்தையில், நான் விற்கும் மரப்பலகைக்கு விலை வைப்பது என்னைப் போன்ற இன்னொருவர். ஒரு கில் (கேமின் காசு) குறைத்துப் போட்டு என்னைக் கீழே தள்ளுவதும் அவர்தான். இந்த உயிர்ப்பு ஆஃப்லைனில் வராது.

குழு ஆட்டத்துக்கும் உரிய மரியாதையைச் சொல்லியாக வேண்டும். எட்டுப் பேரும் ஒரே மூச்சில் ஒரு மெக்கானிக்கைச் சரியாகச் செய்து, பாஸின் உயிர் ஒரு சதவீதத்தில் இருக்கும்போது என்ரேஜ் (நேரம் முடிந்ததும் எல்லோரையும் சாய்க்கும் தாக்குதல்) வருமா வராதா என்று காத்திருந்து, வராமல் அது சாயும் அந்த ஓரிரு நொடிகளுக்கு ஈடாகத் தனி ஆட்டத்தில் எதுவும் இல்லை. ஹெட்செட்டில் எட்டு குரலும் ஒன்றாகக் கத்தும். அதை நான் இழந்திருக்கிறேன், தெரிந்துதான் இழந்தேன். இருப்பதிலேயே கடினமான அல்டிமேட் ரெய்டுகள் பக்கம் நான் போனதே இல்லை என்பதால் அங்கே கிடைப்பது இதைவிடப் பெரிதா என்று என்னால் சொல்ல முடியாது. வார்கிராஃப்டிலும் என் அனுபவம் மேலோட்டமானது. டெல்வ்களைக் கொஞ்சம் ஆடியிருக்கிறேன், மித்திக் ரெய்டில் காலே வைத்ததில்லை.

தனியாகவே முழுக் கதையையும் முடித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். கதையின் வழியிலேயே எட்டுப் பேர் டிரையல்களும் (ஒரு பாஸோடு மோதும் சண்டைகள்), 24 பேர் போகும் கிரிஸ்டல் டவர் ரெய்டுகளும் வரும். அங்கே டியூட்டி ஃபைண்டர்தான் வழி. ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், ஏறியவர் யாரென்று தெரியாது, இறங்கியதும் மறந்துவிடலாம். புதியவர் ஒருவர் இருந்தால் பழையவர்களுக்குக் கூடுதல் பரிசு உண்டு என்பதால் பழைய டஞ்சன்களுக்குக்கூட ஆள் சேர்ந்துவிடும். இந்த அளவுக்கான குழு எனக்கு இன்றும் பிடிக்கும். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அடுத்த வாரம் பார்ப்போம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

கல்லூரியில் இருக்கிறீர்கள், ஹாஸ்டல் வைஃபை தாங்குகிறது, மாலைகள் உங்களுடையவை என்றால் தயங்காமல் ஒரு ஸ்டாட்டிக்கில் சேருங்கள். அந்த வயதுக்கும் அந்த நேரத்துக்கும் அதுதான் சரி. வீட்டில் சின்னக் குழந்தை, ஷிஃப்ட் வேலை, இன்வெர்ட்டரில் ரௌட்டர் சேர்க்கப்படவில்லை என்றால் டியூட்டி சப்போர்ட்டில் ஆரம்பியுங்கள். நடுவில் எங்கோ இருப்பவர்கள் டேங்க் அல்லது ஹீலர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டியூட்டி ஃபைண்டரில் டேமேஜ் ஆட்களை விடச் சீக்கிரம் இடம் கிடைக்கும். முதலில் ரௌட்டரை இன்வெர்ட்டரில் மாட்டுங்கள், அது தனி ஆட்டத்துக்கும் உதவும்.