48 காட்டும் கீசர், கை பொறுக்காத தண்ணீர்: ஆறு வருட அனுபவம்

போன வாரம் குன்னூரிலிருந்து மைத்துனன் போன் பண்ணினான். "மாமா, உங்க வீட்டு கீசர் விலை குறைஞ்சிருக்கு, வாங்கிடவா?" அதே கீசரைக் கழற்றி, ரிப்பேர் பார்த்து, மாட்டி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. போனில் கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். பொறுமையாக எழுதலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

25 லிட்டர், 2000 வாட். ஊட்டியில் ஆறு வருடமாக ஓடுகிறது. டேங்க் அருமை. ராத்திரி பத்து மணிக்கு அணைத்தால் விடியற்காலை ஐந்துக்கும் குளிக்கிற சூடு இருக்கும். ஜனவரியில் வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது அதன் அருமை தெரியும்.

தலைவலியெல்லாம் முன்பக்கம் இருக்கிற டிஜிட்டல் கன்ட்ரோலர்தான். 60 டிகிரியில் வைத்திருப்பேன். திரையில் 48 என்று காட்டும், குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் சூடேறுவதே நின்றுவிடும். உள்ளே கட்-அவுட், அதாவது சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கிற பாதுகாப்பு சுவிட்ச், விழுந்திருக்கும். சர்வீஸ்காரர் வந்து கட்-அவுட்டை மாற்றினார். பத்து நாளில் திரும்பவும் அதே கதை. அடுத்து, தண்ணீரைக் காய்ச்சுகிற எலிமென்ட் போச்சு என்றார். மெயினை அணைத்து நானே மல்டிமீட்டர் வைத்து அதன் மின்தடையைப் பார்த்தேன், 27 ஓம். 230 வோல்ட்டில் 2000 வாட் எலிமென்ட் அந்த அளவுதான் காட்டும், அது நன்றாகவே இருந்தது. கடைசியில், "கன்ட்ரோலர் போர்டையே மாத்தணும் சார், 3,200 ரூபாய்." மூன்று தடவை வந்தவர் ஒரு தடவைகூடக் குழாய்த் தண்ணீரில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

அதை நான் செய்தேன். சமையலறைத் தெர்மாமீட்டரைக் குழாயடியில் பிடித்தால் 61, திரையில் 48. மறுநாள் காலை பச்சைத் தண்ணீரில் பார்த்தேன், இரண்டே டிகிரிதான் வித்தியாசம். சூடு ஏற ஏற வித்தியாசமும் ஏறுகிறது. விஷயம் பிடிபட்டது அங்கேதான்.

இதில் தண்ணீரின் சூட்டை அளக்கிற சென்சார், சூடாக ஆக மின்தடை குறைகிற வகை. 25 டிகிரியில் 10,000 ஓம், 60 டிகிரியில் சுமார் 2,500. வழியில் எங்காவது 1,500 ஓம் கூடுதலாகச் சேர்ந்தால், பச்சைத் தண்ணீரில் பெரிதாகத் தெரியாது. சூட்டில் கணக்கே மாறிவிடும். 60 டிகிரித் தண்ணீரை 47, 48 என்று நினைத்து கன்ட்ரோலர் காய்ச்சிக்கொண்டே போகும். அது 60 என்று நம்புவதற்குள் தண்ணீர் 85-ஐத் தாண்டிவிடும், கட்-அவுட் விழத்தானே செய்யும்? எங்களைக் காப்பாற்றியதே அதுதான். அதை நேரடியாக இணைத்து விட்டுவிடலாம் என்று பக்கத்து வீட்டில் ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். கட்-அவுட் இல்லாமல் காய்கிற டேங்க் வெடிக்கக்கூடிய பொருள்.

எம்.சி.பி.யை இறக்கி, டேங்க் சூடு ஆறுவதற்குள் அளந்தேன். சென்சார் காலிலேயே வைத்தால் 2,500. போர்டு முனையில் வைத்தால் 4,000. இடையில் இருப்பது ஒரு முழ வயரும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டரும். அதைப் பிரித்தேன். இரண்டு பின்களில் ஒன்று பளபளவென்று இருந்தது. இன்னொன்றில் பழைய செம்புக் குடத்து அடியில் பிடிக்குமே, அதே பச்சைக் களிம்பு, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. பழைய கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு, வயரைப் பற்றவைத்து ஸ்லீவ் போட்டேன். செலவு 40 ரூபாய்.

குளிர்காலத்தில் நாங்கள் பாத்ரூம் ஜன்னலைத் திறப்பதே இல்லை, ஆவி உள்ளேயே சுற்றும். அது நியாயமாகச் சொல்ல வேண்டியது. ஆனால் கீசர் மாட்டுகிற இடமே பாத்ரூம்தானே? ஆவி புகாத கனெக்டர் வைக்க எவ்வளவு ஆகிவிடும்? சென்சார் வயர் அறுந்தால் மட்டும் திரையில் பிழை காட்டுகிறது, களிம்பு பிடித்தால் வாயே திறப்பதில்லை.

மைத்துனனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். திருகு வைத்த சாதா தெர்மோஸ்டாட் மாடல் போதும், திரை வேண்டாம். "அப்ப நீங்க மாத்தப் போறீங்களா மாமா?" என்றான். இல்லை. இந்த டேங்க் மாதிரி இன்னொன்று எனக்குக் கிடைக்காது. இன்று காலை திரையில் 60, குழாயில் 61. தெர்மாமீட்டரை மட்டும் சமையலறைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை, பாத்ரூம் ஆணியில்தான் தொங்குகிறது.