ஒரு கையெழுத்தா, ஒரு லட்சமா?

"மாமா, பணம் எதுவும் வேண்டாம். ஒரு கையெழுத்து மட்டும் போதும்" என்று அக்கா மகன் சொன்னபோது அக்காவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பெட்டி, ஏ.சி. பழுதுபார்க்கப் படித்தவன். ஆறு ஆண்டுகள் இன்னொருவர் கடையில் வேலை பார்த்துவிட்டான். இப்போது சொந்தக் கடை போட வேண்டும். 4 லட்சம் ரூபாய் தேவை. நிதி நிறுவனம் ஒன்று தருவதாகச் சொல்லிவிட்டது. மாதச் சம்பளக்காரர் ஒருவரின் ஜாமீன் மட்டும் வேண்டுமாம். இவனுக்குக் காது குத்தியது என் மடியில் வைத்துத்தான். தாய்மாமன் மடி என்பது அன்றோடு முடிந்துவிடும் சடங்கு அல்ல என்பது எங்கள் மூவருக்குமே தெரியும்.

அன்று இரவு எனக்கு முன்னால் ஐந்து வழிகள் இருந்தன: ஜாமீன் போடுவது, என் சேமிப்பிலிருந்து கடன் கொடுப்பது, மனைவியின் நகையைக் கொடுப்பது, திருப்பி வாங்கும் எண்ணமே இல்லாமல் ஒரு தொகையைக் கொடுத்துவிடுவது, மறுப்பது. நம் வீடுகளில் ஐந்தில் எதைச் செய்தாலும் தவறில்லை என்று வாதிட ஆள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. செலவே இல்லாததுபோல் தெரிகிற முதல் வழிதான் ஐந்திலும் மோசமானது என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்குக் காரணம் அப்பா. அவர் பள்ளி ஆசிரியர். உடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் சீட்டு எடுத்தபோது ஜாமீன் போட்டார். சீட்டில் ஜாமீன் எதற்கு என்று தெரியாதவர்களுக்கு: முதல் சில மாதங்களிலேயே ஏலத்தில் தள்ளுபடி கேட்டுச் சீட்டை எடுப்பவர் கையில் மொத்தமாகப் பணம் வந்துவிடும், அவர் கட்ட வேண்டிய தவணைகளோ பெரும்பாலும் மீதி இருக்கும். அந்த மீதிக்குத்தான் சீட்டு நடத்துபவர் ஆள் கேட்கிறார். அரசு ஊழியர், ஆசிரியர் என்றால் அவருக்கு நிம்மதி, ஏனென்றால் அவர்களுடைய சம்பளம் எங்கும் ஓடிப்போகாது. நண்பர் ஓராண்டு கட்டினார். பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போனார், தவணை நின்றது. அப்பாவின் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இரண்டு ஆண்டுகள் பிடித்தார்கள்.

இது அப்பாவுக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 128ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. 'முதலில் அவனிடம் கேளுங்கள், அவன் தராவிட்டால் என்னிடம் வாருங்கள்' என்று சொல்லலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கும் இடமில்லை. பாங்க் ஆஃப் பிஹார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் 1968லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கடன் வாங்கியவரிடம் எல்லா வழியிலும் முயன்று தோற்ற பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. சம்பளத்தைப் பிடிப்பதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவில் வரம்பு இருக்கிறது. முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதங்கள் வரைதான் பிடிக்கலாம். அந்த மூன்றில் ஒரு பங்கில்தான் எங்கள் பள்ளிக் கட்டணமும் தீபாவளித் துணியும் இருந்தன.

கட்டி முடித்த பிறகு நண்பரிடமிருந்து அதை வசூலிக்கும் உரிமை அப்பாவுக்கு வந்தது. ஒப்பந்தச் சட்டத்தின் 140, 145 ஆகிய பிரிவுகள் அதற்குத்தான். அவர் அதைப் பயன்படுத்தவில்லை. "போய்க் கேட்டால் அவன் மனைவி அழுவாள்" என்றார். ஜாமீனில் இந்த இடத்தை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. மனம் இளகியவர்தான் ஜாமீன் போடுகிறார், அதே இளகிய மனத்தோடு அவரால் வழக்கும் போட முடியாது.

இன்றைக்கு ஜாமீனின் பாரம் அப்போதைவிடக் கூடியிருக்கிறது. நீங்கள் ஜாமீன் நிற்கும் கடன், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் ஏறிவிடுகிறது. அவன் தவணை தவறினால் உங்கள் மதிப்பெண் அடிபடும். நாளைக்கு என் மகளின் படிப்புக்காகவோ வீட்டுக்காகவோ வங்கிப் படியேறினால், அந்த 4 லட்சத்தையும் என் தலைமேல் வைத்துத்தான் எனக்கு எவ்வளவு தரலாம் என்று பார்ப்பார்கள். பணம் கொடுத்திருந்தால் போனது எவ்வளவு என்று அன்றைக்கே தெரியும். ஜாமீன் போட்டால், கடன் தீரும் நாள் வரை அது தெரியாது.

சேமிப்பிலிருந்து கடன் கொடுக்கும் வழியை எடுத்துக்கொள்வோம். பெட்டிக்கடைகளில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். அது உண்மைதான், ஆனாலும் ஜாமீனோடு ஒப்பிட்டால் நேரடிக் கடன் எவ்வளவோ நாணயமான ஏற்பாடு. இதில் இரண்டே பேர், எவ்வளவு என்பது இருவருக்கும் தெரியும், வட்டியைத் தள்ளிவிடவும் கெடு கொடுக்கவும் எனக்கு உரிமை உண்டு. நிதி நிறுவனத்துக்கு அவனுடைய தாய் யார் என்று தெரியாது, எனக்குத் தெரியும். அன்பை முறிப்பது பெரும்பாலும் அந்தக் கடனைச் சுற்றி நாம் வாய்விட்டுச் சொல்லாமல் விழுங்கிய வார்த்தைகள்தான். 'எப்போது முடியுமோ அப்போது கொடு' என்று பெருந்தன்மையாகச் சொன்னவர்தான், ஆறே மாதத்தில் அவன் வாங்கிய புதுச் சட்டையைக் கணக்குப் பார்க்கிறார்.

ஆகவே கடன் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும் என்பேன். சொந்தத்துக்குள் புரோ நோட்டு எழுதுவது அவமானம் அல்ல. அந்த நோட்டுக்கும் ஆயுள் மூன்று ஆண்டுதான். அதற்குள் வட்டியிலோ அசலிலோ ஒரு பகுதியைக் கட்டி, அதை எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து இன்னொரு மூன்று ஆண்டு. வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாய்க்கும் அதற்கு மேலும் கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது, மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழலாம். உதவி செய்யப் போய் அவனை அந்தச் சிக்கலில் மாட்டிவிட வேண்டாம், வங்கி வழியாகவே அனுப்புங்கள். இவ்வளவும் சரிதான். ஆனால் என்னிடம் 4 லட்சம் உபரியாக இல்லை. மகளின் கல்லூரிக்காக ஒதுக்கியதைத்தான் எடுக்க வேண்டும், அப்படி எடுத்துவிட்டால் அவன் கடையில் கூட்டம் குறைந்த ஒவ்வொரு மாதமும் எனக்குத் தூக்கம் கெடும். பிறகு நான் மாமனாக இருக்க மாட்டேன், வசூல்காரனாகத்தான் இருப்பேன்.

நகை வழியில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. அது என்னுடையதே அல்ல. மனைவிக்குத் தாய்வீட்டில் போட்ட சீதனம் அவளுடைய சொந்தச் சொத்து என்பதை உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உறுதிப்படுத்தியிருக்கிறது. என்னைக் கேட்டு அவள் கொடுக்கலாம், அவளைக் கேட்காமல் நான் வாக்குக் கொடுக்க முடியாது. அவளே மனமுவந்து கொடுத்தாலும் ஓர் இடர் இருக்கிறது. இரவல் நகையை அவன் பெயரில் அடகு வைத்தால், வட்டி கட்டாதபோது ஏல நோட்டீஸ் அவன் முகவரிக்குத்தான் போகும். கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தவளுக்குத் தகவலே வராது.

மறுப்பதைப் பற்றி இரண்டு மனமாக இருந்தேன். வெறுமனே 'முடியாது' என்பதற்குத் துணிவு வேண்டும். நம்மில் பெரும்பாலோர் 'கையில் இல்லை' என்று சொல்லித் தப்பிக்கிறோம். அது பொய் என்பது முதல் குறை. அந்தப் பொய்யைக் காப்பாற்றவே அடுத்த ஓராண்டு அவர்கள் கண்ணில் படாமல் செலவு செய்ய வேண்டியிருக்கும் என்பது இரண்டாவது. வீட்டுக்கு ஒரு புதுச் சோபா வந்தால்கூட அக்கா வரும்போது விளக்கம் சொல்ல வேண்டும். உண்மையான காரணத்தைச் சொல்லி மறுப்பது அன்றைக்குக் கசக்கும், ஆனால் அந்த ஒரு நாளோடு முடிந்துவிடும். தகுதியான பிள்ளை, தொழில் தெரிந்தவன், குடிக்காதவன் வந்து கேட்கும்போது முழுவதுமாகக் கைவிரிப்பது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

எஞ்சியது, திரும்பி வராவிட்டாலும் பாதகமில்லை என்று ஒரு தொகையைக் கொடுத்துவிடுவது. இதைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். எவ்வளவு என்பதை முடிவுசெய்ய ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டேன்: இது முழுவதும் போய்விட்டாலும், அடுத்த பொங்கலுக்கு அக்கா வீட்டில் முகம் மாறாமல் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? எனக்கு அது ஒரு லட்சம். இன்னொருவருக்கு 10,000ஆக இருக்கலாம். வரி விஷயத்திலும் இது சுலபம். தாய்மாமன் மருமகனுக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு, தொகை எவ்வளவானாலும், வாங்கியவனுக்கு வரி இல்லை. திசை மாறினால் கணக்கும் மாறுகிறது. மருமகன் மாமனுக்குக் கொடுத்தால் சட்டம் அந்த உறவைக் கணக்கில் எடுப்பதில்லை, ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் வரி உண்டு. சித்தப்பா மகனுக்குக் கொடுக்கும்போதும் அப்படியே. அண்ணன் தம்பி என்று நாம் சொல்கிற உறவில் பாதி, வரிச் சட்டத்தின் பட்டியலில் இல்லை.

அன்பளிப்பில் ஒரு குறை உண்டு. தேவைக்குப் போதாது. 4 லட்சம் கேட்டவனிடம் ஒரு லட்சத்தை நீட்டினால் மீதி எங்கிருந்து வரும்? எனக்குப் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து மொய் விருந்து இங்கேதான் நினைவுக்கு வந்தது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடியிலும் ஆவணியிலும் விருந்து வைத்து, வந்தவர்கள் போட்ட மொய்யை நோட்டில் எழுதி, அவரவர் முறை வரும்போது கூடுதலாகச் சேர்த்துத் திருப்பிச் செய்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் அதைச் சாப்பாட்டு வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது மிகுந்த அறிவுள்ள ஏற்பாடாகத் தெரிகிறது. ஒருவனுடைய தேவையை நூற்றுக்கணக்கானவர்கள் தாங்குகிறார்கள், யார் முதுகிலும் முழுப் பாரம் இல்லை, எல்லாம் எழுத்தில் இருக்கிறது. முறையைத் தவறவிடுகிறவனுக்கு அங்கேயும் நெருக்கடி உண்டு. அப்படியிருந்தும், எல்லாவற்றையும் ஒரே ஆளின் பெயரில் ஏற்றும் ஜாமீனைவிட அது எவ்வளவோ மேல்.

எனவே மறு ஞாயிறு அவனை வரச்சொல்லி, அப்பாவின் கதையை முதல்முறையாக முழுவதும் சொன்னேன். கையெழுத்துப் போட மாட்டேன், ஒரு லட்சம் தருகிறேன், திருப்பித் தர வேண்டியதில்லை, மீதிக்கு உன்னோடு அலைகிறேன் என்றேன். அவன் முகம் வாடியது. "என் மேல் நம்பிக்கை இல்லையா மாமா?" என்று கேட்டான். நம்பிக்கை இருக்கிறது, ஆனால் தாத்தாவின் நண்பரும் ஏமாற்றவென்று கேட்டவர் அல்லர், அவருக்கும் ஒரு கெட்ட காலம் வந்தது, அவ்வளவுதான் என்றேன். அக்கா இரண்டு வாரம் பேசவில்லை. அந்த இரண்டு வாரமும் எனக்கு வலித்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு இருவரும் உட்கார்ந்து கணக்கை எழுதினோம். கடைத்தெருவில் முன்பணம் கொடுத்துக் கடை பிடிப்பதைத் தள்ளிவைத்து, வீட்டு வாசலில் இருக்கும் ஓட்டுக்கூரைக்கடியிலேயே தொடங்கினால் தேவை இரண்டரை லட்சமாகக் குறைந்தது. அதில் ஒன்று போக மீதி ஒன்றரை. 2015 முதல் இருக்கிற முத்ரா திட்டத்தில் கிஷோர் பிரிவில் 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் வரை, ஈடு இல்லாமல் கடன் தருகிறார்கள். கருவிகளுக்கு விலைப்புள்ளி வாங்கிக்கொண்டு இரண்டு முறை வங்கிக்குப் போய்வந்தோம். விண்ணப்பம் இப்போது அங்கே இருக்கிறது. கிடைக்காவிட்டால் ஒரு லட்சத்துக்குள் எதை முதலில் வாங்குவது என்றும் எழுதி வைத்திருக்கிறான்.

எந்நாளும் ஜாமீன் போடவே மாட்டேன் என்று சொல்லவில்லை. மகள் படிப்புக்குக் கடன் வாங்கினால் போடுவேன். ஏனென்றால் அந்தக் கடன் எப்படியும் எனதுதான். வேறு யாருக்காவது போட நேர்ந்தால், அந்தத் தொகையை முழுவதும் நானே கட்ட முடியுமா என்று பார்த்து, கட்டுவதற்கான பணத்தை ஒதுக்கி வைத்த பிறகே போடுவேன். ஒப்பந்தத்தின் நகலை அன்றைக்கே வாங்கிக்கொள்வேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்பதை நெருங்குகிறாள், காது சற்று மந்தம். கதையை நடுவிலேயே நிறுத்தி, "உன் வீட்டுக்காரியிடம் கேட்டுவிட்டுத்தானே கொடுத்தாய்?" என்றாள். கேட்டுவிட்டுத்தான் என்றேன். அப்பா அந்தக் கையெழுத்தைப் போட்ட அன்று அம்மாவிடம் கேட்கவில்லை.